லுக் ஃபாரா, லுக் அப்பா?

கேள்வி: 'லுக் ஃபார்', 'லுக் அப்' இரண்டுக்கும் தேடுவது என்றுதானே பொருள்? எதை எங்கே போடுவது?
– வாசகர், திட்டக்குடி

பதில்: இரண்டும் தேடல்தான், தேடும் விதம் வேறு. கொலுவுக்குப் பீங்கான் பொம்மை வேண்டும் என்று விருத்தாசலம் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினால் அது 'லுக் ஃபார்'. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். விருத்தாசலம் ஜங்ஷனில் சேலம் ரயில் எத்தனை மணிக்கு என்று கால அட்டவணையைப் புரட்டினால் அது 'லுக் அப்'. விவரம் ஏற்கெனவே ஓரிடத்தில் பதிவாகியிருக்கிறது. எடுத்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அகராதியில் சொல், டைரக்டரியில் போன் நம்பர், கூகுளில் முகவரி எல்லாம் இந்த வகை.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'இட்' வந்தால் 'லுக் அப்' இரண்டாகப் பிரிந்து நடுவில் இடம் கொடுக்கும்: 'லுக் இட் அப்'. 'லுக் அப் இட்' தவறு. 'லுக் ஃபார்' அப்படிப் பிரியாது: 'லுக் ஃபார் இட்' என்பதே சரி.

கூடவே இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: போலீஸ் வீட்டை 'சர்ச்' செய்யும், திருடனை 'சர்ச் ஃபார்' செய்யும். 'ஃபார்' விட்டுப்போனால் திருடனின் சட்டைப்பையைச் சோதித்ததாகிவிடும்.

அகராதியில் 'லுக் ஃபார்', 'லுக் அப்' போன்ற தொடர்கள் பெரும்பாலும் 'லுக்' என்ற மூலவினையின் கீழேயே இருக்கும். முதலில் அங்கே பாருங்கள்.