கரும்புத் தோகைக்கு என்ன கலர்?

பொங்கல் விடுமுறை வருகிறதென்றால் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் ஒரு தாள் இருக்கும். பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு மாடு, மேலே சூரியன். கோடு மட்டும் போட்டிருக்கும். கலர் அடிப்பது பிள்ளையின் வேலை. 'இதில் வைத்தியருக்கு என்ன வேலை?' என்று கேட்கிறீர்களா? இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு தாயார் தன் ஏழு வயது மகனை அழைத்து வந்தார். "படிப்பில் கவனமே இல்லை டாக்டர். வல்லாரையில் ஏதாவது மருந்து கொடுங்க" என்றார். கையில் அந்தப் பொங்கல் தாள். கரும்புத் தோகைக்குப் பழுப்பு, மண்பானைக்குப் பச்சை. குறுக்கே சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. வகுப்பே சிரித்ததாம். மூன்று நாளாகப் பையன் பள்ளிக்குப் போக மறுக்கிறான்.

தாளை நன்றாகப் பார்த்தேன். கோட்டைத் தாண்டி ஓரிடத்திலும் கலர் வழியவில்லை. கவனம் இல்லாத பிள்ளை இப்படியா அடிக்கும்? கொல்லையில் மிளகாய்ச் செடி இருக்கிறது. "பழுத்ததை மட்டும் பறிச்சுட்டு வா தம்பி" என்றேன். ஐந்து கொண்டு வந்தான். மூன்று பச்சைக் காய்! தாயாரிடம், "உங்க கூடப் பிறந்தவங்க யாருக்காவது கலர் குழப்பம் உண்டா?" என்று கேட்டேன். "என் தம்பி பச்சைச் சட்டை எடுக்கப் போய் காப்பிக் கலர் வாங்கி வருவான், நாங்க கேலி பண்ணுவோம்" என்றார். கண் மருத்துவரிடம் அனுப்பினேன். அங்கே உறுதியானது நிறக் குருடு.

பெயர்தான் பயமுறுத்துகிறது. பார்வை மங்குவதில்லை, படிப்பதற்கும் தடையில்லை. விழித்திரையில் நிறம் அறிய மூன்று வகைக் கூம்புச் செல்கள் உண்டு. அவற்றில் ஒரு வகை குறைந்தாலோ, மாறி வேலை செய்தாலோ சிவப்பும் பச்சையும் பழுப்பும் ஒன்றுபோலத் தெரியும். பெரும்பாலும் பிறவியிலேயே, எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. பையனுக்கு அந்தக் குரோமோசோம் தாயிடமிருந்து மட்டுமே கிடைப்பதால், தாய்க்கு ஒரு குறையும் தெரியாமல் மகனுக்கு வரும். தாய்மாமனை நான் விசாரித்தது அதனால்தான். பெண் பிள்ளைகளுக்கு மிக அபூர்வம். அணுக் கொள்கை தந்த ஜான் டால்டனுக்கே இந்தக் குறை இருந்தது. 1794-ல் அவரே அதைக் கட்டுரையாகப் படித்தார். புள்ளிகளுக்குள் எண்ணை ஒளித்து வைத்துச் சோதிக்கும் அட்டைகளை ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-ல் வெளியிட்டார். இன்றும் கண் மருத்துவர்கள் அதைத்தான் நீட்டுவார்கள். சில நிமிட வேலை.

கண் நோய் தொண்ணூற்றாறு என்று எங்கள் நூல்கள் எண்ணும். ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: பிறவி நிறக் குருடுக்கு எங்கள் பக்கத்திலும் மருந்து இல்லை. பொன்னாங்கண்ணி கண்ணுக்கு நல்லது, சாப்பிடட்டும். அதனால் இது மாறாது. 'குணப்படுத்துகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ரயில் என்ஜின் ஓட்டுவது போன்ற சில வேலைகளுக்கு இது தடை. பிளஸ் டூ முடித்த பிறகு தெரிந்து இடிந்து போவதைவிட ஏழு வயதில் தெரிவது எவ்வளவோ மேல் அல்லவா?

ஆசிரியைகளுக்கு ஒரு வேண்டுகோள். கிரையான் மேல் சுற்றியுள்ள காகிதத்தைக் கிழிக்க விடாதீர்கள்; அதில் கலர் பெயரைத் தமிழில் எழுதி வையுங்கள். அந்தப் பையனுக்கு அதற்குப் பிறகு வேறு உதவியே தேவைப்படவில்லை. கரும்பலகையில் சிவப்புச் சாக்கட்டியால் எழுதாதீர்கள். கலர் தப்பினால் பெருக்கல் குறி போடும் முன், "ஏன்டா கண்ணா இந்தக் கலர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சில பிள்ளைகள் வேண்டுமென்றேதான் நீல மாடு வரைவார்கள். வரையட்டுமே! மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு நாமே நீலம் பூசுகிறோம்.

கொம்புக்கு வாங்கிய பெயின்ட் மிச்சமிருக்கிறதே என்று அதைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் கூடாது என்று 2016-ல் விதி வந்து, 2017 நவம்பரில் அமலானது. அதற்கு முந்தைய டப்பா பரணில் கிடந்தால் தொடவே வேண்டாம். சின்னப் பிள்ளைகள் கையை வாயில் வைப்பார்கள். ஈயம் வளரும் மூளையைப் பாதிக்கும்.

அடுப்பங்கரையிலேயே கலர் இருக்கிறது. மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்தால் சூரியனுக்கு ஆயிற்று. பீட்ரூட் சாறு, அரைத்த கீரை, சங்குப்பூ ஊறிய நீலத் தண்ணீர். மஞ்சள் காய்ந்ததும் அதன்மேல் சமையல் சோடா கரைத்த தண்ணீரைத் தொட்டு வைக்கச் சொல்லுங்கள், செங்காவியாக மாறும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமம் ஆவது இதே வித்தைதான். ஆனால் பிள்ளைகள் கையில் சுண்ணாம்பு வேண்டாம்; கண்ணில் பட்டால் வெந்துவிடும். தப்பித் தவறிப் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

கிரையான் முழுசாக இருந்தால் ஐந்து வயதுப் பிள்ளை முஷ்டியில் பிடிக்கும். பாதியாக ஒடித்துக் கொடுங்கள். தானாகவே மூன்று விரலால் பிடிக்கும். ஒடிந்த கிரையானுக்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள்.