குத்துச்சண்டை வீரர் மூவரும் அவர் காலத்து உலகமும்

மற்போர் தமிழர்க்குப் புதியதொன்றன்று. சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்திய செய்தியைச் சாத்தந்தையார் புறநானூற்றிலே பாடியுள்ளார். ஆண்டுப் புலவருள்ளத்தைத் தொட்டது மல்லன் வீழ்ந்தமை மாத்திரமன்று. மகனோடு மாறுபட்டிருந்த தந்தை தித்தன் அக்காட்சியைக் காணல் வேண்டும் என்பதே அவர்தம் விழைவாயிற்று. இருவர் பொருதுங் களத்திலே, களத்தின் புறத்தேயுள்ள வழக்கொன்றும் உடன்நின்று பொருதல் உண்டென்பது இதனாற் பெறப்படும். இவ்வுண்மையை இருபதாம் நூற்றாண்டிலே தெளிவுறக் காட்டியவர்கள் ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் மூவர். அவர்தம் வரலாற்றை மாணவர் பொருட்டு ஈண்டு ஆராய்வாம்.

ஜாக் ஜோன்சன்

ஜோன்சன் 1878 ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்துக் கல்வெஸ்ரன் நகரிற் பிறந்தவர். அவர்தம் பெற்றோர் அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்றவர். அக்காலத்து அதிபார வகுப்புச் சம்பியன்களாகிய வெள்ளையர், பட்டத்தின் பொருட்டுக் கறுப்பினத்தவரோடு பொருத மறுத்துவந்தனர். தோல்வி அஞ்சி மறுத்தாரோ, தீண்டல் அஞ்சி மறுத்தாரோ, விளைவு ஒன்றே. ஜோன்சன் சம்பியன் ரொமி பேர்ண்சைத் தொடர்ந்து அவுஸ்திரேலியா வரை சென்று, 1908 டிசம்பர் 26 இல் சிட்னி நகரில் அவரை வென்று, அப்பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் ஆயினார்.

வெள்ளையர் இதனைப் பொறுத்திலர். ஓய்வு பெற்றிருந்த முன்னாட் சம்பியன் ஜேம்ஸ் ஜெஃப்ரிஸ், தம் இனத்தின் மானங் காக்கவென மீளவும் மேடைக்கு அழைக்கப்பட்டார். 1910 யூலை 4 இல் நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் நிகழ்ந்த போட்டியில் ஜோன்சன் 15 ஆம் சுற்றில் வென்றார். அன்றிரவே பல நகரங்களிற் கலகம் மூண்டது. உயிரிழந்தோருட் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். போட்டியின் திரைப்படம் பல இடங்களிலே தடுக்கப்பட்டது. 1912 இல் அமெரிக்கப் பாராளுமன்றம் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம்விட்டு மாநிலங் கொண்டுசெல்வதையே சட்டத்தாற் றடைசெய்தது.

ஜோன்சனோ விலையுயர்ந்த ஆடை அணிந்தார். மோட்டார் வண்டிகளை விரைந்தோட்டினார். எதிரியை நோக்கிச் சிரித்தார். வெள்ளை மாதரை மணந்தார். மேடையில் வெல்லமாட்டாதவர் வழக்குமன்றிலே வென்றனர். பெண்களைத் தீய நோக்கத்துடன் மாநில எல்லை கடத்துவதைத் தடுக்குஞ் சட்டம் அவர்மீது ஏவப்பட்டு, 1913 இல் வெள்ளையர் மாத்திரமே அமர்ந்த யூரிமார் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்தனர். அவர் நாடு விட்டு நீங்கினார். 1915 இல் ஹவானா நகரிற் பட்டம் இழந்தார். 1920 இல் மீண்டு சிறை புகுந்தார். 1946 இல் வாகன விபத்தில் இறந்தார். அரசின் மன்னிப்பு 2018 இலேதான் வந்தது. இறந்து 72 ஆண்டு கழிந்து வந்த நீதியை நீதியென்பதா என்பதை மாணவர் சிந்திப்பாராக.

ஜோ லூயிஸ்

ஜோன்சன் பட்டம் இழந்தபின் 22 ஆண்டுகள் எந்தக் கறுப்பினத்தவருக்கும் அப்பட்டத்துக்குப் பொருதும் வாய்ப்பு அளிக்கப்படவில்லை. ஆதலின், 1914 இல் அலபாமாவிற் பிறந்து டெட்ரோயிட் நகரில் வளர்ந்த லூயிசைப் பயிற்றியோர், கைகளைப் போலவே அவர் நடத்தையையும் பயிற்றினர். வீழ்ந்தவனைப் பார்த்து மகிழலாகாது. வெள்ளை மாதரோடு படம் பிடிக்கப்படலாகாது. தற்பெருமை பேசலாகாது என்பன அவர்க்கு விதிக்கப்பட்டவை. இவ்வாறு வாய் திறவாத வீரராகவே அவர் 1937 இற் சம்பியன் ஆயினார்.

1936 இல் தம்மை வீழ்த்திய ஜேர்மானியர் மக்ஸ் ஷ்மெலிங்கை 1938 யூன் 22 இல் நியூயோர்க் யாங்கி அரங்கில் லூயிஸ் மீளவும் எதிர்த்தார். ஹிற்லரின் அரசு ஷ்மெலிங்கைத் தன் இனக்கொள்கையின் சான்றெனப் பறைசாற்றியிருந்தது. ஏறத்தாழ 70,000 மக்கள் திரண்டிருந்த அரங்கில், 2 நிமிடம் 4 செக்கனிற் போட்டி முடிந்தது. முதன்முறையாக வெள்ளையரும் ஒரு கறுப்பினத்தவரைத் ‘தம்மவர்’ எனக் கொண்டாடினர். ஷ்மெலிங்கோ நாற்சிக் கட்சியில் ஒருபோதுஞ் சேர்ந்தாரல்லர்; யூதரான தம் முகாமையாளரை விலக்க மறுத்தவர்; அவ்வாண்டு நவம்பரிலே யூதர்மேல் வன்முறை எழுந்தபோது யூதச் சிறுவர் இருவரைத் தம் விடுதியறையில் மறைத்துக் காத்தவர். கொடி பிடிப்போர் வேறு, கொடியாக்கப்படுவோர் வேறு என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமோ? பிற்காலத்தில் இருவரும் நண்பராயினர்.

போர்க்காலத்தில் லூயிஸ் தம் பரிசுப்பணத்தைக் கடற்படை, தரைப்படை நிதிகளுக்கு வழங்கிப் படையிலுஞ் சேர்ந்தார். அப்படையிற் கறுப்பினத்தவர் தனித்தே வைக்கப்பட்டிருந்தனர். போர் ஓய்ந்தபின் வரிக்கடன் அவரை நெருக்கியது. ஓய்வு பெற்றவர் அதன்பொருட்டு மீண்டும் மேடையேறி, 1951 இல் 37 ஆம் அகவையில் ரொக்கி மார்சியானோவிடம் வீழ்ந்தார்.

முகமது அலி

1942 இல் லூயிவில் நகரிற் பிறந்த காசியஸ் கிளே, 1960 இல் உரோம் ஒலிம்பிக்கிற் பொற்பதக்கமும், 1964 இற் சொனி லிஸ்ரனை வென்று உலகப் பட்டமும் பெற்றார். உடனே இசுலாமிய இயக்கஞ் சேர்ந்தமையை வெளியிட்டு, முகமது அலி எனப் பெயர் பூண்டார். பத்திரிகைகள் பல ஆண்டுகள்வரை அப்பெயரை எழுத மறுத்தன. 1967 ஏப்பிரில் 28 இல் வியட்நாம் போருக்கான படைச்சேர்ப்பை அவர் மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது, ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன. மேன்முறையீட்டினாற் சிறை புகாது நின்றாரெனினும், ஆற்றல் முதிர்ந்த பருவத்தில் மூன்றரை ஆண்டு மேடை இழந்தார். 1971 இல் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை ஒருமுகமாய் நீக்கியது. அவர் கோரிக்கையை மறுத்த சபை அதற்குக் காரணங் கூறவில்லை என்பதே அடிப்படை. 1974 இல் கின்சாசா நகரில் ஜோர்ஜ் ஃபோர்மனை எட்டாஞ் சுற்றில் வீழ்த்தி இழந்த பட்டத்தை மீட்டார்.

அலியிடங் குறையில்லையெனல் பொருந்தாது. தம் தடைக்காலத்திற் றமக்காகப் பரிந்து பேசிய ஜோ ஃபிரேசியரை, அவருங் கறுப்பினத்தவராயிருக்கவும், குரங்கோடு ஒப்பிட்டு இழித்துரைத்தார். 2001 இல் அதற்கு வருத்தந் தெரிவித்தாராயினும், சொல் தைத்த புண் நெடுநாள் இருந்தது. நாவினாற் புகழ் பெற்றவர் நாவினாற் பழியும் பெற்றார்.

ஆய்ந்து கொள்வன

அடக்கத்தை நாடோறும் போதிக்கும் ஆசிரியராகிய எமக்கு லூயிசின் வரலாறு ஒரு வினாவை எழுப்புகின்றது. அவருடைய அடக்கம் அவர் தேர்ந்ததா, பிறர் பூட்டியதா? தன்னைத் தான் ஆள்வது அடக்கம். பிறர் ஆளத் தன்னைக் குறுக்கிக்கொள்வது அடங்குதல். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே காணப்படும். ஆதலின் மாணாக்கர் ஒருவர் வாய்மூடி நிற்கும்போது, அது பண்போ அச்சமோ என ஆராய்வது ஆசிரியர் கடன்.

எனினும் லூயிசை இகழ்வதும் தகாது. ஜோன்சன் அடைத்துச்சென்ற கதவென உலகம் கூறியதை அவர் பொறுமையாற் றிறந்தார். அத்திறந்த கதவாலேதான் அலி உரக்கப் பேசிக்கொண்டு நுழைந்தார். ஜோன்சன் அடைத்தாரல்லர், அவர்மேல் அடைக்கப்பட்டது என்பதே மெய். ஒருவர் துணிவு மற்றொருவர் பொறையின்மேல் நிற்பதை வரலாறு பலகாலும் மறைக்கும். கற்போர் அதனை மறத்தலாகாது.

இன்னுமொன்று. அலிக்கு 1984 இல் பார்க்கின்சன் நோய் உண்டெனக் கண்டறியப்பட்டது. நடுங்குங் கையோடு அவர் 1996 இல் அற்லாண்டா ஒலிம்பிக் தீபம் ஏற்றியதை உலகங் கண்டது. தலையிற் குத்துண்பது மூளைக்குக் கேடு என்பது இன்று மருத்துவர் துணிபு. ஆகவே இளைஞர் இவர்களிடம் கற்கவேண்டியது குத்தையன்று. மணியொலித்துப் போட்டி முடிந்தபின்னும் நிலைபெயராது நின்ற நெஞ்சையே என்க.