விரலுக்கேற்ற பேடில்

தாம்பரத்திலிருந்து ஜிஎஸ்டி ரோட்டைப் பிடித்துத் தெற்கே போனால், சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டியதும் பரனூர் அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டி வரும். பிஎம்டபிள்யூ 2007 மார்ச்சிலிருந்து அங்கேதான் தன் கார்களைப் பூட்டி அனுப்புகிறது. 2021 மார்ச்சில் எம்340ஐ எக்ஸ்டிரைவ் வெளிவந்ததும் அந்தக் கூடத்திலிருந்துதான். 'எம்' எழுத்தைத் தாங்கி இந்தியாவில் பூட்டப்பட்ட முதல் பிஎம்டபிள்யூ அது. 3 லிட்டர், ஆறு சிலிண்டர், 387 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தொட 4.4 விநாடி. அதன் ஸ்டீயரிங்குக்குப் பின்னால், இரு பக்கமும் காது மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் பேடில்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வலதை இழுத்தால் கியர் ஏறும், இடதை இழுத்தால் இறங்கும். மெர்சிடிஸ், ஆடி, போர்ஷே வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

"பேடில் ரொம்பச் சின்னதா இருக்கு சார், பிளாஸ்டிக் மாதிரியும் இருக்கு. எதைப் போடலாம்?" என்று சேலையூர் நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். பேடில் வெறும் சுவிட்ச்; வாசல் காலிங்பெல் பொத்தானுக்கு அண்ணன் தம்பி. விரல் இழுத்ததும் உள்ளே ஒரு சின்னத் தொடுப்பு மூடுகிறது. அந்தச் சமிக்ஞை ஸ்டீயரிங்கின் நடுவில் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் வழியாகக் கீழே இறங்கி, கியர்பாக்ஸின் கணினிக்குப் போகிறது. கியரை மாற்றுவது அந்தக் கணினிதான். இறங்கினால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றும் என்று அதற்குத் தெரிந்தால், நீங்கள் பத்துத் தரம் இழுத்தாலும் இறக்காது. ஆகவே கார்பன் போட்டாலும் தங்கமே போட்டாலும் கியர் விழும் வேகம் ஒரு இம்மி மாறாது. வண்டி வேகமாகும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். மாறக்கூடியவை மூன்றே மூன்று: விரலுக்கு எட்டும் தூரம், இழுக்கும்போது கிடைக்கும் உணர்வு, தொடும் பொருளின் சூடும் பிடிப்பும்.

இந்தப் பேடில் பிறந்ததே எட்டும் தூரத்துக்காகத்தான். ஃபெராரியின் ஃபார்முலா ஒன் காரை வடிவமைத்த ஜான் பர்னார்ட், கியர் தண்டு இருந்தால் ஓட்டுநர் அறை அகலமாகிவிடுகிறதே என்று அதையே எடுத்துவிட நினைத்தார். கியர் மாற்றும் வேலையை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கொண்டுவந்தார். 1989 பிரேசில் பந்தயத்தில் நைஜல் மான்செல் அந்த 640 காரை ஓட்டி, முதல் பந்தயத்திலேயே ஜெயித்தார். எட்டு வருடம் கழித்து, 1997-இல், எஃப்355 வழியாக அது ஃபெராரியின் சாலைக் காருக்கு வந்தது. கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமல் கியர் மாற்றவேண்டும், அவ்வளவுதான் நோக்கம். புதுப் பேடில் வாங்கும்போதும் இந்த ஒரு நோக்கத்தை வைத்தே அளந்து பாருங்கள்.

அளப்பது எளிது. வண்டியை நிறுத்தி, கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடங்களில் கைகளை வையுங்கள். கட்டை விரல் முன்னால் இருக்கட்டும், பிடி இறுகாமல் இருக்கட்டும். நடுவிரலின் நுனிக் கணு பேடில் மேல் படிகிறதா? படிந்தால் உங்களுக்கு எதுவும் தேவையில்லை, பணம் மிச்சம். விரலை நீட்டித் தேட வேண்டியிருந்தாலோ, பத்தும் இரண்டும் என்ற இடத்தில் பிடிப்பவராக இருந்து கீழே இறங்க வேண்டியிருந்தாலோ மட்டும் மேலே படியுங்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது பேடில் எதில் பொருத்தப்பட்டிருக்கிறது என்பது. ஜெர்மன் கார்களில் அது ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சுற்றும். ஃபெராரி, லம்போர்கினி, ஆல்ஃபா ரோமியோ ஜூலியா போன்றவற்றில் ஸ்டீயரிங் சுற்றினாலும் பேடில் ஸ்டீயரிங்கைத் தாங்கும் தண்டோடு அசையாமல் நிற்கும். நிசான் ஜிடி-ஆர் முதலில் தண்டில் வைத்திருந்தது, 2017 மாடலில் ஸ்டீயரிங்குக்கு மாற்றிவிட்டது. தண்டில் இருப்பவை பிறவியிலேயே நீளமானவை, பெரும்பாலும் உலோகம் அல்லது கார்பன். அந்த வண்டிக்காரர்கள் எதையும் தொட வேண்டாம் என்பது என் தீர்ப்பு. சுற்றும் பேடில்காரர்களுக்குத்தான் தேர்வு.

மிகச் சுலபமான வழி, இருக்கும் பேடில் மேலேயே ஒட்டும் நீட்டிப்புத் தகடு. கழற்றல் இல்லை, ஏர்பேக் பயம் இல்லை, விலையும் மற்ற எல்லாவற்றையும்விடக் குறைவு. நான் இதை வாங்கச் சொல்வேன், ஆனால் நிரந்தரமாக வைத்துக்கொள்ள அல்ல. ஒரு மாதம் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு நீளம் வேண்டும், மேல் பக்கம் நீள வேண்டுமா கீழ்ப் பக்கமா, உங்கள் விரல் பேடிலின் எந்த இடத்தைத் தேடுகிறது என்பதெல்லாம் அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். தையல்காரர் முதலில் மலிவுத் துணியில் அளவு வெட்டிப் பார்ப்பதைப் போல. அளவு தெரிந்த பிறகு பெரிய செலவு செய்தால் அது வீணாகாது.

நிரந்தரமாக வேண்டாம் என்பதற்குக் காரணம் நம் ஊர் வெயில். கத்திரி வெயில் நாளில் தாம்பரம் ரயில் நிலையத்துக்கு அருகே வண்டியை நிறுத்திவிட்டு மாலையில் திரும்பி வந்தால் உள்ளே எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதோடு கடற்காற்றின் ஈரம். என் நண்பர் ஒட்டிய தகடு மே மாதத்தில் ஒரு மூலை தூக்கி, ஒரு நாள் வண்டலூர்ச் சந்திப்பில் கையோடு வந்துவிட்டது. குற்றம் டேப்பினுடையது மட்டுமல்ல, ஒட்டிய விதமும்தான். நல்ல அக்ரிலிக் டபுள் சைடு டேப்பாக இருந்தாலும் பேடிலில் கை எண்ணெய் இருந்தால் பிடிக்காது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பின் ஒட்டி, அழுத்திப் பிடிக்க வேண்டும். இந்த வகை டேப் முழுப் பலம் பெற 72 மணி நேரம் ஆகும். ஒட்டிய கையோடு ஈசிஆரில் கிளம்பக் கூடாது.

நீட்டிப்பில் இன்னொரு சிக்கல், நம் சாலைக்கே உரியது. ஜெர்மன் கார்களில் இண்டிகேட்டர் தண்டு இடது பக்கம். டிம் அடிப்பதற்கும் அதையே நம் பக்கம் இழுக்க வேண்டும். ஜிஎஸ்டி ரோட்டில் பெருங்களத்தூரிலிருந்து கூடுவாஞ்சேரி போவதற்குள் எத்தனை தரம் டிம் அடிக்கிறோம்! இடது பேடில் பெரிதாகிவிட்டால், பஸ்ஸுக்கு டிம் அடிப்பதாக நினைத்து விரல் பேடிலை இழுத்துவிடும். கியர் இறங்கி எஞ்சின் அலறும். எனவே ஒட்டுவதற்கு முன் தகட்டைக் கையால் பிடித்து வைத்து, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, தண்டில் இடிக்கிறதா, விரல் தண்டுக்குப் போகும் வழியை மறைக்கிறதா என்று பாருங்கள். வலது பக்க வைப்பர் தண்டுக்கும் அப்படியே. ஐப்பசி மழையில் வைப்பரைத் தேடி விரல் அலையக் கூடாது.

பேடிலையே மாற்றும் வழிக்கு வந்தால், முதல் கேள்வி எந்தப் பொருள் என்பது. அலுமினியம் கையில் எடுக்கும்போது நன்றாக இருக்கிறது. வளையாது, விளிம்பு கூர்மையாகத் தெரியும். ஆனால் பிளாஸ்டிக்கைவிடப் பல நூறு மடங்கு வெப்பத்தைக் கடத்தும் பொருள் அது. வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் விரலைச் சுடும், ஏசி போட்ட பிறகு சில்லென்று ஆகும். வாங்குவதாக இருந்தால் அனோடைஸ் செய்ததாக வாங்குங்கள். மேலே வெறும் பெயின்ட் அடித்தது வியர்வை உப்பில் சீக்கிரம் உரிந்து, அடியில் வெள்ளைப் புள்ளி விழும். ஈசிஆர் பக்கம் குடியிருப்பவர்கள் இதை இன்னும் சீக்கிரம் பார்ப்பார்கள். கார்பன் ஃபைபர் சூட்டை அவ்வளவு கடத்தாது, அதனால் நம் ஊருக்கு அதுவே நல்லது. எடை குறையும் என்று விளம்பரம் செய்வதைக் காதில் வாங்காதீர்கள். சில கிராம் குறைந்து என்ன ஆகப்போகிறது? பார்க்க வேண்டியது மேல்பூச்சு. புற ஊதாக் கதிரைத் தாங்காத ரெசின் மஞ்சளாகும். கார்பன் நெசவுபோல் படம் அச்சிட்ட பிளாஸ்டிக்கும் கார்பன் பெயரிலேயே விற்கிறது. விளிம்பைப் பாருங்கள்: நெசவு வளைவோடு சேர்ந்து திரும்பிப் பின்பக்கமும் தொடர்ந்தால் நல்லது, ஓரத்தில் படம்போல் நின்றுவிட்டால் விட்டுவிடுங்கள்.

வண்டி தயாரித்த நிறுவனமே விற்கும் மாற்றுப் பேடிலும் உண்டு, வெளிக் கம்பெனிகளுடையதும் உண்டு. நான் நிறுவனத்தினுடையதையே சொல்வேன். நீளம் கொஞ்சம் குறைவாக இருக்கும், விலை கூடுதலாக இருக்கும். ஆனால் அது இண்டிகேட்டர், வைப்பர் தண்டுகளை அளந்து செய்யப்பட்டது. எதை வாங்கினாலும் உத்தரவாதத்தைப் பாதிக்குமா என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய் வார்த்தை போதாது.

காந்தப் பேடில் ஒரு தனி இனம். ஸ்பிரிங்குக்குப் பதில் சிறு காந்தங்கள் பேடிலைப் பிடித்துவைத்திருக்கும். இழுத்தால் பிடி விட்டு 'டக்' என்று வரும். கையுறை போட்டு, அதிர்கிற வண்டியில், இழுத்தோமா இல்லையா என்ற சந்தேகமே வராமல் இருக்க அது உதவும். தாம்பரத்துக்காரர்களுக்கு அந்தத் தேவை வரும் இடம் ஒன்று இருக்கிறது. வண்டலூரில் வெளிவட்டச் சாலை ஏறி, பூந்தமல்லி பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால் இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கி.மீ. பந்தயத் தடம் 1990-லிருந்து அங்கே இருக்கிறது. அங்கே அடிக்கடி போய் ஓட்டுபவருக்குக் காந்தப் பேடில் பொருந்தும். வேளச்சேரி ரோட்டுக்கு வேண்டியதில்லை.

பேடில் உண்மையாகப் பயன்படுவது மலையில் இறங்கும்போது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில், அதைவிடக் கொல்லிமலையின் 70 வளைவுகளில், இடது பேடிலை இழுத்து எஞ்சினால் வேகத்தைப் பிடித்தால் பிரேக் சூடேறாமல் தப்பும். அங்கே ஸ்டீயரிங் பாதிக்கு மேல் சுற்றியிருக்கும், சுற்றும் பேடில் தலைகீழாகப் போயிருக்கும். அந்த நேரத்தில் நீளப் பேடில் உதவுகிறது. ஆனால் வளைவுக்குள் நுழையும் முன்பே கியரை இறக்கும் பழக்கம் அதைவிட உதவும், அதற்குச் செலவும் இல்லை.

முழு ஸ்டீயரிங்கையே மாற்றுவது கடைசி வழி. எல்.இ.டி. விளக்கு, தட்டையான அடிப்பக்கம், பேடில் எல்லாம் சேர்ந்து வரும் சக்கரம் ஆசையைத் தூண்டும். வண்டியின் பழைய ஏர்பேக்கும் இணைப்பும் அப்படியே பொருந்தும் சக்கரமாக இருந்தால் யோசிக்கலாம். ஏர்பேக் இல்லாத பந்தயச் சக்கரத்தைச் சாலை வண்டியில் போடவே கூடாது. 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். வாகன அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. தயாரிப்பாளரின் குறிப்புக்கு மாறாக மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்றாகிவிடக் கூடாது. புதுப்பேட்டையில் பழைய ஏர்பேக்கோடு சக்கரம் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். அது எந்த விபத்து வண்டியிலிருந்து வந்தது, எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேடில் வேலை செய்யவில்லை என்பதற்காக மாற்ற நினைப்பவர்கள் முதலில் ஹாரன் அடித்துப் பாருங்கள், ஸ்டீயரிங்கில் உள்ள ஒலிப் பொத்தான்களையும் அழுத்திப் பாருங்கள். அவையும் மக்கர் செய்து, ஏர்பேக் விளக்கும் எரிந்தால் கோளாறு பெரும்பாலும் கிளாக் ஸ்பிரிங்கில். புதுப் பேடில் அதைச் சரிசெய்யாது.

ஒட்டும் தகட்டைத் தவிர மற்ற வேலைகளுக்குப் பெரும்பாலான வண்டிகளில் ஏர்பேக்கைக் கழற்ற வேண்டும். சாவியை அணைத்து, பாட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்து, வண்டியின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே மஞ்சள் இணைப்பைத் தொட வேண்டும். கழற்றிய ஏர்பேக்கை முகம் மேலே பார்க்க வைக்க வேண்டும். சக்கரத்தை எடுத்தால் கிளாக் ஸ்பிரிங் சுற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நடு போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முறுக்க வேண்டும். இதையெல்லாம் நீங்கள் செய்ய வேண்டாம், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். பாட்டரியைத் தொடாமலே ஒருவர் ஸ்டீயரிங்கில் ஸ்குரூடிரைவரை வைத்தால், தயங்காமல் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.