பாடம் 9: பூச்சும் மரமும்

நுழையும்முன்

பழையதைப் புதுப்பிப்பது ஒரு கலை. எதனைப் புதுப்பிக்கலாம், எதனை அப்படியே விட்டுவைக்கலாம் என அறிவது அதனினும் பெரிய கலை. மின்கிட்டாரின் உடலைச் சான்றாகக் கொண்டு இதனை அறிவோம்.

மின்கிட்டாரின் உடல் ஆல்டர், ஆஷ், மகோகனி, மேப்பிள் முதலிய மரங்களால் செய்யப்படுகிறது. மரத்தின்மேல் வண்ணமும், வண்ணத்தின்மேல் கண்ணாடி போன்ற தெளிபூச்சும் படிந்திருக்கும். நாளடைவில் பூச்சில் கீறல் விழும், நிறம் மங்கும், விளிம்புகளில் மரம் வெளித்தெரியும். அப்போது பூச்சை முற்றிலும் நீக்கும் எண்ணம் தோன்றுவது இயல்பு.

புகழ்பெற்ற கலைஞரும் இவ்வாறு செய்ததுண்டு. 1968ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரிஷிகேசத்திற்கு வந்து தங்கிய பீட்டில்ஸ் குழுவினருள் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் அடங்குவர். அதே ஆண்டில் அவ்விருவருடைய எபிபோன் கசினோ கிட்டார்களின் பூச்சு நீக்கப்பட்டது. அதன்பின் கருவி இன்னும் நன்றாக ஒலிப்பதாக ஹாரிசன் கருதினார். 1969 ஜனவரி 30 அன்று, இலண்டனில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் அக்குழு இசைத்தபோது, லெனன் கையிலிருந்தது வெளிர்மரம் தெரியும் அந்தக் கிட்டாரே.

நீக்கும் முறை

முதலில் தந்திகள், காந்தச் சுருள்கள், மின்கம்பிகள் ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். எந்தக் கம்பி எங்கே இணைந்திருந்தது என்பதைப் படமாக வரைந்துகொள்வது நன்று. திருகாணியால் பொருத்தப்பட்ட கழுத்தாயின் அதனையும் பிரித்தெடுக்கலாம்.

கடினமான பூச்சை வெப்பக்காற்றால் இளக்கிச் சுரண்டுவர்; அல்லது உப்புத்தாளால் தேய்ப்பர். தாளின் எண் உயர உயர அதன் துகள் நுண்மையாகும். 80 எண் தாளில் தொடங்கி 120, 180, 220 எனப் படிப்படியாகச் செல்ல வேண்டும். மரவரியின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டால் பரப்பு மேடுபள்ளமாகாது. கழுத்து வந்து பொருந்தும் குழியைத் தேய்த்தல் ஆகாது. அது அகன்றால் கழுத்து இறுக்கமாக அமராது.

பழைய பூச்சில் ஈயம் கலந்திருக்கலாம். ஆகவே முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில், பெரியோர் துணையுடனேயே இப்பணியைச் செய்தல் வேண்டும்.

பூசும் முறை

ஆஷ், மகோகனி மரங்களில் நுண்துளைகள் மிகுதி. அவற்றை நிரப்புபசையால் அடைப்பர். பின்னர் அடிப்பூச்சு, வண்ணம், தெளிபூச்சு என ஒவ்வொன்றையும் மென்பூச்சாகப் பலமுறை இடுவர். தடித்த பூச்சு வழிந்து திரளும். வண்ணம் கீறலை மறைக்கும் என எண்ணலாகாது. மரத்தில் எஞ்சிய கீறலை அது மேலும் எடுத்துக்காட்டும். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு நன்கு இறுகப் பல வாரங்கள் ஆகும். அதன்பின்னரே 1000, 2000 எண் தாள்களை நீரில் நனைத்துத் தேய்த்து மெருகேற்றுவர். 'பதறாத காரியம் சிதறாது' என்னும் பழமொழி இப்பணிக்கு முற்றும் பொருந்தும்.

எண்ணித் துணிக

தேய்த்து எடுத்த பூச்சு மீண்டும் வாராது. பழங்கருவியின் மங்கிய நிறத்திலும் தேய்ந்த விளிம்பிலும் அதனை வாசித்தவரின் கைத்தடம் உள்ளது. முதற்பூச்சு நீங்கிய பழங்கிட்டாரின் விலைமதிப்பும் பெரும்பாலும் குறைந்துவிடும். எனவே அரிய கருவியாயின் துடைத்துக் காப்பதே அறிவுடைமை; விலை குறைந்த, பூச்சு சிதைந்த கருவியாயின் புதுப்பித்தல் தகும். உப்புத்தாளைக் கையில் எடுக்குமுன் இவ்வேறுபாட்டை ஆராய்வதே முதற்பணி.

சொற்பொருள்

மரவரி – மரத்தில் இயல்பாக ஓடும் கோடுகள்
தெளிபூச்சு – நிறமற்ற மேற்பூச்சு
மெருகு – பளபளப்பு
தகும் – பொருந்தும்

பயிற்சி

1. உப்புத்தாளை ஏன் படிப்படியாக மாற்ற வேண்டும்?
2. கழுத்துப் பொருந்தும் குழியைத் தேய்த்தால் என்ன நேரும்?
3. பிரித்து எழுதுக: மென்பூச்சு, பழமொழி.
4. உங்கள் வீட்டில் உள்ள பழம்பொருள் ஒன்றைப் புதுப்பிப்பீர்களா, அப்படியே காப்பீர்களா? காரணத்துடன் எட்டு வரிகளில் எழுதுக.