உவரேறிய வயலும் உவர்த்த கிணறும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மண்ணையும் நிலத்தடி நீரையும் ஒருங்கே கெடுத்தன. அலை வந்து மீண்டது. ஆயின் நிலமட்டமே மாறிவிட்டது. வட அந்தமானின் கரை உயர, தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. இதன் பயனாகப் போர்ட் பிளேயரை (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அடுத்த சிப்பிகாட் போன்ற தாழ்நிலங்களில், அலை வடிந்த பின்னரும் வேலியேற்றந்தோறும் கடல்நீர் புகுந்தது.

வயலின் உப்பு வேறு, கிணற்றின் உப்பு வேறு என்று கருதுதல் தவறு. வயலில் தேங்கும் உவர்நீர் மண்ணினூடே கசிந்து கிணற்றை அடைகின்றது. ஏறத்தாழ 75 பங்கு நன்னீரில் ஒரு பங்கு கடல்நீர் கலப்பினும், குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்னும் விரும்பத்தக்க எல்லையை எட்டிவிடும்.

பணியின் வரிசை

முதலாவது, கடலைத் தடுத்தல். கரை எழுப்பி, ஒருவழி மதகு அமைத்தல் வேண்டும். இம்மதகு நீர் வற்றும்போது வெளிப்புறமாகத் திறந்து வயல்நீரை விடும். கடல் ஏறும்போது தானே மூடிக்கொள்ளும். இது பொதுப்பணித் துறையின் வேலை.

இரண்டாவது, மண்ணைக் கழுவுதல். இத்தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி மே முதல் டிசம்பர் வரை பெய்வதாகும். வடிகால் உள்ள வயலில் இம்மழையே உப்பைக் கரைத்து வெளியேற்றும். களிமண்ணிற் பற்றிய சோடியத்தை அகற்ற ஜிப்சம் உதவும். முற்றிலும் வடியாத நிலங்களுக்கு, வாய்க்கால் தோண்டி அம்மண்ணால் அகன்ற மேட்டுப்பாத்தி அமைக்கும் முறையைப் போர்ட் பிளேயரிலுள்ள மத்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைத்தது. மேட்டில் காய்கறியும், வாய்க்காலில் மழைநீரும் மீனும் பயன் தரும்.

மூன்றாவது, கிணற்றைப் பேணுதல். நன்னீர் இலேசானதாகையால் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். ஆகவே மிகுதியாக இறைத்தால், அடியிலுள்ள உவர்நீர் மேலெழும். அதே பேரலைக்குப் பின் இலங்கையின் மட்டக்களப்பில், கிணறுகளைத் தூய்மையாக்க வேண்டிப் பலமுறை இறைத்தது போதிய பயன் தரவில்லை. பருவமழையே அவற்றைப் பெரிதும் மீட்டது. சேறகற்ற அளவாக இறைத்து, மழைக்குக் காத்திருப்பதே அறிவுடைமை. நிலத்தடி நீரின் நிலையை ஆராய்ந்து கூறுதல் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் பொறுப்பு.

ஒத்துழைப்பின் அவசியம்

மதகு ஏப்ரல் முடிவதற்குள் நிறைவேறாவிடில், வேளாண்மை ஊழியர் செய்யும் உழவும் வடிகாலும் வீணாகும். ஒரு மழை கழுவியதை மறு வேலியேற்றம் மீண்டும் உவராக்கும். வயல் வடியுமுன் கிணற்றை இறைத்தால், வயலின் உவர்நீரே கிணற்றுக்குள் இழுக்கப்படும். ஒரு துறையின் சிறு தாமதம் குடியானவனுக்கு ஓராண்டு விளைச்சலை இழப்பிக்கும். எனவே ஒவ்வொரு கிராமத்திற்கும் மதகு, வயல், கிணறு மூன்றும் குறித்த ஒரே படமும் ஒரே அளவீட்டு ஏடும் இருத்தல் நலம். மண்ணின் நிறைநீர்ச் சாற்றில் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸுக்கு மேற்படின் அது உவர்மண்ணாகும். மழைக்கு முன்னும் பின்னும் ஒரே இடங்களில் அளந்து, எல்லாத் துறையினரும் காணுமாறு பதிதல் வேண்டும்.

வகுப்பறைச் சோதனை

கண்ணாடிக் குவளையில் சாயமிட்ட உப்புநீரை ஊற்றுக. அதன்மேல் கரண்டி வழியாக மெல்ல நன்னீர் விடுக. இரண்டும் தனித்தனியே நிற்கும். இனி ஒரு குழலை நன்னீரில் வைத்து வேகமாக உறிஞ்சி இழுத்தால், சாயம் குழலை நோக்கி எழுவதை மாணவர் காண்பர். கிணற்றை அளவோடு இறைக்க வேண்டியதன் காரணத்தை அம்மாணவர் தம் இல்லத்தாருக்கு எடுத்துரைப்பாராயின், இப்பாடம் தன் பயனை அடைந்ததாகும்.