வந்து போகும் மிஸ்ஸிங்: பழைய ஹைலக்ஸில் கைவைக்கும் முன்

நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் பிக்கப் என்றால் பெரும்பாலும் டீசல் வண்டிதான். பொலேரோ பிக்கப்பிலும் தோஸ்திலும் கை பழகிய ஒருவர் துபாயிலோ தம்மாமிலோ போய் வேலைக்கு நின்றால், அங்கே எதிரே நிற்பது பெட்ரோலில் ஓடும் டொயோட்டா ஹைலக்ஸ்: 2.7 லிட்டர், நான்கு சிலிண்டர். டீசலில் ஸ்பார்க் பிளக் என்ற பேச்சே கிடையாது. இதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளக், அதன் தலைமேலேயே ஒரு இக்னிஷன் காயில். "எப்பவாவது மிஸ்ஸிங் அடிக்குது, கொண்டுவந்தா சரியா ஓடுது" என்ற கம்ப்ளெயின்ட்டோடு பழைய ஹைலக்ஸ் ஒன்று உள்ளே வந்தால் புதிய ஆள் உடனே நாலு பிளக், நாலு காயில் என்று பார்ட்ஸ் சீட்டு எழுதுவார். சில சமயம் வண்டி சரியாகவும் போய்விடும். எதனால் சரியானது என்று அவருக்கும் தெரியாது, ஃபோர்மேனுக்கும் தெரியாது. பத்து நாளில் அதே வண்டி திரும்பி வந்தால் சொல்ல வாயில் வார்த்தை இருக்காது.

எப்போதும் அடிக்கும் மிஸ்ஸிங்கை யாரும் கண்டுபிடித்துவிடலாம். வந்து போகிறதைப் பிடிப்பவருக்குத்தான் ஒர்க்‌ஷாப்பில் மரியாதையும் சம்பளமும் கூடும். அதற்கு முதலில் தெரிய வேண்டியது, கோளாறு எப்போது வருகிறது என்பது.

துபாய், தம்மாம் பக்கம் சாவியைக் கொண்டுவந்து கொடுப்பவர் கம்பெனி ஆளாக இருப்பார். ஓட்டுகிறவர் வேறு யாரோ. ஓட்டுகிறவரிடம் போனிலாவது பேசுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, வண்டி நன்றாகச் சூடான பிறகா? நிற்கும்போதா, லோடு ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போதா? ஏசி போட்டால் கூடுகிறதா? கழுவிய மறுநாள் தொடங்கியதா? அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதுங்கள். "எஞ்சின் செக்" என்று மட்டும் எழுதிய கார்டு யாருக்கும் உதவாது.

பதில்களிலேயே பாதி வழி தெரிந்துவிடும். நிற்கும்போது மட்டும் என்றால் எங்கோ காற்று ஒழுகுகிறது என்று சந்தேகிக்கலாம். லோடில் மட்டும் என்றால் ஸ்பார்க் பலவீனம், அல்லது பெட்ரோல் பிரஷர் போதவில்லை. சூடான பிறகு மட்டும் என்றால் காயில், இல்லாவிட்டால் கிராங்க் சென்சார். இரவு முழுக்க நின்று, காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் உதறி, பிறகு சுத்தமாக ஓடுகிறது, கூடவே கூலண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது என்றால், ஹெட் கேஸ்கெட் வழியாக ஒரு சிலிண்டருக்குள் தண்ணீர் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வகை மதியம் ஒர்க்‌ஷாப்பில் ஒருநாளும் தெரியாது. வண்டியை இரவு அங்கேயே நிறுத்தி, காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள்.

அடுத்து ஸ்கேனர். அது காட்டும் ஃபால்ட் கோடைப் படித்ததும் அழித்துவிடும் பழக்கம் பலருக்கு உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். பி0301 முதல் பி0304 வரை எந்தச் சிலிண்டர் என்று சொல்லும். பி0300 என்றால் ஒரே சிலிண்டர் என்று குறிப்பிட முடியாமல் மாறி மாறி மிஸ் ஆகிறது. கோடோடு சேர்ந்து பதிவாகும் ஃப்ரீஸ் ஃப்ரேமில் அந்த நேரத்து ஆர்பிஎம், வேகம், கூலண்ட் சூடு, லோடு எல்லாம் இருக்கும். டிரைவர் மறந்ததை அது சொல்லும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செகண்ட்ஸில் புதிதாக வாங்கிய வண்டி என்றால் இன்னொரு விஷயம். விற்றவர் கோடை அழித்துவிட்டுத்தான் விற்றிருப்பார் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். கோடு அழித்து எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பல வண்டிகளில் ஸ்கேனர் காட்டும். பழைய பிக்கப்பில் அந்த எண் நாற்பது, ஐம்பது என்று இருந்தால் சங்கதி புரிந்துவிடும். விற்பதற்கு முன் எஞ்சினைப் பளபளவென்று வாட்டர் வாஷ் செய்வதும் வழக்கம். அந்தத் தண்ணீர் பிளக் குழியில் தேங்கினால் அதுவே மிஸ்ஸிங்குக்குப் போதும்.

கோடு பி0302 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஆறட்டும், அலுமினியம் ஹெட்டில் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் மரை போய்விடும். காயிலைத் தூக்கியதும் பிளக் குழியை ஏர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். பாலைவன ஊரில் இந்த ஒரு நிமிட வேலையை விட்டால் குழியில் கிடக்கும் மணல் நேரே சிலிண்டருக்குள் போகும். குழியில் ஆயில் நின்றால் வால்வ் கவரில் உள்ள டியூப் சீல் போயிருக்கிறது. புதுக் காயில் போட்டாலும் அந்த ஆயில் அதன் ரப்பர் பூட்டையும் ஊறவைத்துவிடும். சீலை மாற்றாமல் மூடாதீர்கள்.

பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் இழுத்தது போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், ஸ்பார்க் முனைக்குப் போகாமல் அந்த வழியே பாடிக்கு எர்த் ஆகிறது. பூட்டின் உள்ளேயும் அதே இடத்தில் அடையாளம் இருக்கும். இந்தக் கோளாறு வண்டி சீராக ஓடும்போது ஒளிந்திருக்கும். லோடு ஏறினால் வரும். பிளக்கை மட்டும் மாற்றிப் பழைய பூட்டைப் போட்டால் அந்தக் கறுப்புக் கோடு புதுப் பிளக்கிலும் விழும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மற்ற மூன்று சிலிண்டர் பிளக்கோடு நிறத்தை ஒப்பிடுங்கள். மூன்று பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் கழுவிவிட்டது போல் இருந்தால் மறுபடி கூலண்ட் பக்கம் யோசியுங்கள்.

கண்ணுக்கு எதுவும் சிக்கவில்லையா? இடம் மாற்றிப் பாருங்கள். இரண்டாவது காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் போட்டு, குறித்து வைத்துவிட்டு, இப்போது கோடை அழித்து வண்டியை அனுப்புங்கள். அடுத்து பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி, சந்தேகமே இல்லை. பி0302-ஆகவே வந்தால் காயில் தப்பித்தது, அடுத்து பிளக்கை இடம் மாற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால்தான் இன்ஜெக்டர். ஒரே நேரத்தில் காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றினால் கோளாறு நகர்ந்தாலும் எது நகர்த்தியது என்று தெரியாது. இந்தச் சோதனைக்கு ஒரு காசு பார்ட்ஸ் செலவு இல்லை. இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

எஞ்சின் ஓடும்போது காயிலை உருவி உருவிப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டாம். போக இடமில்லாத ஸ்பார்க் காயிலையே கெடுக்கும். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதையும் சூடாக்கி அழிக்கும். எஞ்சின் லைட் விட்டு விட்டு எரிவதே அந்த ஆபத்தைச் சொல்லத்தான். எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றினால் போதும்.

பி0300 வந்தால் தனிச் சிலிண்டரைத் துரத்தாமல் எல்லாவற்றுக்கும் பொதுவானதைப் பாருங்கள். ஃப்யூல் ட்ரிம் ஐடிலிங்கில் பிளஸ் பதினைந்து, இருபது சதவீதம் காட்டி, 2500 ஆர்பிஎம்மில் சரியாகிவிட்டால் எங்கோ காற்று இழுக்கிறது: வேக்குவம் ஹோஸ், பிரேக் பூஸ்டர் ஹோஸ், மேனிஃபோல்ட் கேஸ்கெட். மாறாக, லோடில் ட்ரிம் ஏறினால் பெட்ரோல் பம்ப் பிரஷரையும், தூசி படிந்த ஏர்ஃப்ளோ சென்சாரையும் பாருங்கள். ஏர் ஃபில்டரை ஏர் அடித்து அடித்துப் பல மாதம் ஓட்டிய வண்டியில் அந்த சென்சார் அழுக்காக இருப்பது சாதாரணம்.

ஒயரிங்கில் அவசரமே கூடாது. ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஒவ்வொரு காயில் கப்ளரையும் ஒயரையும் மெதுவாக அசையுங்கள். லாக் உடைந்து கேபிள் டை போட்டுக் கட்டிய கப்ளர் இருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல். அடுத்து எர்த்: ஸ்டார்ட் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சினுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் எர்த் கேபிளைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இவ்வளவும் சரி என்றால் கம்ப்ரஷன்: எல்லாப் பிளக்கும் வெளியே, பெட்ரோல் கட், ஆக்ஸிலரேட்டர் முழு அழுத்தம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் குறைந்திருந்தால் நடுவே கேஸ்கெட் போயிருக்கலாம்.

இனி பணப் பேச்சு. மெக்கானிக்குகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். கோளாறைத் தேடும் நேரத்துக்குக் காசு கேட்க நம் ஆட்களுக்குக் கூச்சம். அதனால் தேவையில்லாத பார்ட்ஸில் அதை எடுக்கப் பார்க்கிறார்கள். "கண்டுபிடிக்க இவ்வளவு, சரிசெய்ய எவ்வளவு என்பது கண்டுபிடித்த பிறகு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோளாறு வரவே இல்லையா? வரவில்லை என்று கார்டில் எழுதி, என்னென்ன சோதித்தீர்கள், எந்தக் காயில் இப்போது எங்கே இருக்கிறது என்றும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். அடுத்த முறை வண்டி வரும்போது நீங்கள் லீவில் இருந்தாலும் அடுத்தவர் அங்கிருந்து தொடங்குவார்.

பழைய காயிலை வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுங்கள். ஷார்ஜாவின் பழைய பார்ட்ஸ் கடைகளிலிருந்து ஒற்றைக் காயில் வாங்கிவந்து போடச் சொன்னால் போடலாம். கேரண்டி இல்லை என்று பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு போடுங்கள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் விலையுயர்ந்த ஸ்கேனருக்கு ஓடாதீர்கள். முதலில் நல்ல மல்டிமீட்டர் ஒன்றும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்றும் சொந்தமாக வாங்குங்கள்.