தறி வீட்டுப் பாட்டரியும் மின்னூட்டும் அளவும்

காஞ்சீபுரத்தில் பட்டுச் சேலை நெய்வோரில் அநேகர் வீட்டிற்குள்ளேயே குழித்தறியில் அமர்ந்து நெய்கின்றனர். கோர்வைச் சேலையில் கரையும் உடலும் பூட்டப்படும் இடத்தில் வெளிச்சம் மங்கினால் பிழை எளிதில் நேரும். அதைப் பிரித்து மறுபடி நெய்வது வீண் கூலி நஷ்டமாகும். 2008-ம் ஆண்டுக்குப்பின் சில வருஷங்கள் தமிழ்நாட்டில் மின்வெட்டு மிகுந்திருந்தபோது, விளக்கை நம்பிப் பிழைப்போர் பலர் இன்வெர்ட்டரும் பாட்டரியும் வாங்க நேர்ந்தது. பாட்டரியின் விலை சிறிதன்று. அது அற்பாயுளில் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பது மின்னூட்டும் வோல்ட்டு அளவைக் கவனியாமையே.

பன்னிரண்டு வோல்ட்டுப் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகள் ஜலம் கலந்த கந்தகத் திராவகத்தில் மூழ்கியிருக்கும். மின்சாரம் செலவாகும்போது தகடுகளின்மேல் ஈய ஸல்பேட்டு படிகின்றது. மின்னூட்டும்போது அது நீங்குகின்றது. ஊட்டும் அளவு குறைந்தால் அப்படிவு முழுதும் நீங்காமல் நாளடைவில் இறுகிவிடும். அளவு மிகுந்தாலோ ஜலம் ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் என்னும் வாயுக்களாகப் பிரிந்து குமிழியிட்டு வற்றும்; தகடுகளும் அரிக்கப்படும். ஆகவே, 25 டிகிரி உஷ்ணத்தில் 14.4 வோல்ட்டு வரையில் ஊட்டி, பாட்டரி நிரம்பியபின் 13.5 முதல் 13.8 வோல்ட்டில் நிறுத்தி வைப்பது பொதுவான முறை. தயாரிப்பாளர் வேறு அளவு குறித்திருந்தால் அதையே கொள்க.

பழைய சாதாரண சார்ஜர்களில் இவ்வாறு தானே குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. வீட்டிற்கு வரும் மின்சாரம் ஏறினால் அவற்றிலிருந்து வெளிப்படுவதும் ஏறும். இரவில் ஊர் உறங்கி உபயோகம் குறையும்போது, 230 வோல்ட்டாக வரவேண்டியது 250 ஆவதுண்டு. பகலில் 14 வோல்ட்டு காட்டிய சார்ஜர் அப்போது 15-க்கு மேல் காட்டக்கூடும். "இரவு முழுதும் போட்டு வைத்தால் நன்றாக நிரம்பும்" என்னும் எண்ணமே அநேகப் பாட்டரிகளுக்கு யமனாயிற்று. கடலோரத்தில் பழைய அவுட்போர்டு படகு மோட்டார் வைத்திருப்போருக்கும் இத்தொல்லை புதிதன்று. அவற்றுட் பலவற்றில் ரெக்டிபையர் மட்டும் உண்டு, ரெகுலேட்டர் இல்லை. மோட்டாரின் வேகம் ஏற ஏறப் பாட்டரியின் வோல்ட்டும் ஏறும். இரண்டிற்கும் மருந்து ஒன்றே: தக்க ரெகுலேட்டர் பொருத்துவது, அல்லது அளவறிந்து தானே குறையும் புதிய சார்ஜர் வாங்குவது.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உஷ்ணம் பத்து டிகிரி ஏறினால், ஊட்டும் அளவை ஏறக்குறையக் கால் வோல்ட்டு குறைத்தல் நலம். வரதராஜப் பெருமாள் கருட சேவை நடைபெறும் வைகாசி மாதத்தில் ஓட்டு வீட்டின் உள்ளே 40 டிகிரி என்பது அதிசயமன்று. அப்போது 14.4-க்குப் பதில் 14.0 போதும்.

மிதமிஞ்சிக் கொதிக்கும் பாட்டரியிலிருந்து சில சமயம் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அந்த வாயு விஷமுள்ளது. வெள்ளியையும் கருக்கும், காஞ்சிச் சேலையின் சரிகையோ வெள்ளிக் கம்பிக்குப் பொன் முலாம் பூசியது. மேலும், அது காற்றினும் கனமானதால் தாழ்வான இடத்தில் தங்கும். குழித்தறியில் நெய்வோரின் கால்கள் இருப்பதும் அங்கேதான். ஹைட்ரஜனோ மேலெழும்பி, சிறு பொறியிலும் வெடிக்கும். ஆதலால் பாட்டரியைத் தறியுள்ள அறையில் வைப்பது தகாது. பூஜை விளக்கின் அருகில் வைப்பது அதனினும் அபாயம். நாற்றம் தெரிந்தவுடன் சுவிட்சை நிறுத்தி, அனைவரும் வெளியேறி, அறை நன்கு காற்றோடியபின் நுழைவதே முறை.

வற்றியதற்குக் காய்ச்சி வடித்த ஜலமே வார்க்க வேண்டும். கிணற்று ஜலத்திலுள்ள உப்புக்கள் தகட்டைக் கெடுக்கும். திராவகம் வார்க்கலாகாது. தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்குமளவு மட்டும் முன்னதாக வார்த்து, மீதியை மின்னூட்டம் முடிந்தபின் நிரப்புக.

அளந்து பார்ப்பதற்கு ஒரு மல்ட்டிமீட்டர் போதுமானது. இதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் வாங்குவது அநாவசியம்; சங்கத்தில் ஒன்று வாங்கி வைத்து, முறைப்படி வீடுவீடாக அனுப்பலாம். சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கையில் பாட்டரியின் இரு முனைகளிலும் மாலையில் ஒரு தடவையும், இரவு பத்து மணிக்குமேல் ஒரு தடவையும் அளந்து, தேதியுடன் குறித்துக்கொள்ளுக. இரவுக் கணக்கு 14.4-ஐத் தாண்டியிருந்தால், அந்தச் சார்ஜரை மறுநாளே பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும். அதுவரையில் இரவில் அதைப் போட்டு வைக்கலாகாது.